நாளைக்கு வாங்க

இந்த இதழ் இரண்டு மாதம் தாமதமாக வருகிறது. தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அச்சகத்தில் பாக்கி, தாள் விலை, எழுதித் தருகிறேன் என்றவர்கள் எழுதித் தராதது, நமது சோம்பல் என்று எப்போதும் சொல்கிற காரணங்கள் இந்த முறையும் உண்டு. ஆனால் முதல் காரணம் வேறு. இதழின் முகவரி மாறிவிட்டது. புதிய முகவரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஆறு வருடத்தில் இது நான்காவது முகவரி. பழைய முகவரிக்குப் படைப்புகள் அனுப்பியவர்கள் தயவுசெய்து இன்னொரு முறை அனுப்பவும். அந்தத் தபால்கள் எங்களுக்கு வந்து சேரவில்லை.

நமக்கென்று தனி அலுவலகம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் எந்த வாடகை வீட்டில் குடியிருக்கிறேனோ அதுதான் அலுவலகம். மஞ்சக்குப்பத்தில் கடைசியாக இருந்த வீட்டுக்குக் குடிபோனபோது பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வங்கியில் வேலை என்று சொன்னதும் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும் என்ற நிம்மதி. வங்கி உத்தியோகம் பாதி சாதிச் சான்றிதழ் மாதிரி வேலை செய்தது. மீதிப் பாதியை அவரே தன் மனசில் எழுதிக்கொண்டார் போலிருக்கிறது.

போன இதழின் கட்டு அச்சகத்திலிருந்து வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். கொண்டுவந்த பையன் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். கட்டின் மேலே இருந்த பிரதியில் அண்ணல் அம்பேத்கர் படம். சாயங்காலம் நான் வந்தபோது கட்டு பிரிக்காமல் அப்படியே கிடந்தது. வீட்டுக்காரர்தான் வேறு ஆளாகிவிட்டிருந்தார். காலையில் ‘சார், காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க’ என்று கூப்பிட்டவர் திண்ணையை விட்டு எழுந்து உள்ளே போனார். ஒரு வாரம் கழித்து அவருடைய மகன் வந்தார். “தப்பா நெனச்சிக்காதீங்க சார். தங்கச்சி பெங்களூர்லருந்து வந்துடறா. வீடு எங்களுக்கே தேவைப்படுது.” தங்கச்சி வரவில்லை. நாங்கள் காலி பண்ணின மறுவாரமே ‘வீடு வாடகைக்கு’ என்ற அட்டை கேட்டில் தொங்கியது.

இதை ஒரு புலம்பலாக எழுதவில்லை. மாதச் சம்பளக்காரன் நான். இன்னொரு வீடு பார்த்துக்கொண்டேன். தலையங்கத்துக்கு இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் என் அக்கா மகள். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்திலிருந்து மேல்படிப்புக்குச் சென்னை போயிருக்கிறாள். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. கூடப் படிக்கிற இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரு படுக்கையறை, ஒரு சமையல்கட்டு என்று சின்னதாக ஒரு வீடு தேடுகிறாள். நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அதே வாரத்தில் போன் செய்தாள். வாடகை, முன்பணம் எல்லாம் பேசினோம். வைக்கும்போது கேட்டாள்:

“மாமா, என்ன ஆளுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?”

அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பத்து நாள் அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. இந்தத் தலையங்கம் அந்தப் பதில்தான்.

* * *

பதில் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம், அதே கேள்விக்கு 2008-ல் நான் சொன்ன பதில். அப்போது சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதிக்கு விண்ணப்பம் போடும் நாளைத் தவற விட்டது என் தப்பு. மூன்று பேர் சேர்ந்து அறை தேடினோம்.

சிதம்பரம் மாணவர்களுக்கு வீடு விட்டுப் பழகின ஊர். 1920-ல் மீனாட்சி கல்லூரி, 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். தொண்ணூறு வருடத்துக்கு மேலாக எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். மாடியில் ஒரு அறை எடுத்துக் கட்டினால் அதற்கு ஆள் நிச்சயம். வீட்டைப் பிரித்துப் பிரித்து வாடகைக்கு விட்டுத்தான் பல குடும்பங்கள் அங்கே பிழைத்திருக்கின்றன. ஆகவே அறை இல்லாமல் இல்லை. அறைக்கும் நமக்கும் நடுவே ஒரு பேச்சு இருந்தது.

அந்தப் பேச்சை வெளியூர் நண்பர்களுக்காக விவரமாகச் சொல்கிறேன். யாரும் நேராக ‘என்ன சாதி’ என்று கேட்க மாட்டார்கள். படித்த ஊர். ‘சொந்த ஊர் எது தம்பி?’ என்று தொடங்கும். ஊர் பெயர் சொன்னால் ‘ஓ, அங்கயா, அங்க எந்தத் தெரு?’ தெருவை மழுப்பினால் ‘அப்பா என்ன பண்றார்?’ விவசாயம் என்றால் ‘சொந்த நெலமா, எவ்வளவு?’ அதையும் தாண்டினால் ‘கொலதெய்வம் எது?’ கடைசியில் ‘கவுச்சி சமைப்பீங்களா?’ இந்தக் கேள்விகளை ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் ஒருவனுடைய ஏழு தலைமுறையும் கைக்கு வந்துவிடும். மனுநீதியைப் படிக்காதவர்கள்கூட இந்தத் தேர்வை நடத்தத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

தேர்வு முடிவையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன், நாளைக்கு வாங்க’ என்பார்கள். நாளைக்குப் போனால் இன்னொரு நாளைக்கு. மூன்றாம் நாள், ‘நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்.’

சிதம்பரத்தில் நின்றுகொண்டு ‘நாளைக்கு வாங்க’ என்ற சொல்லைக் கேட்கிறபோது நந்தன் ஞாபகம் வராமல் இருக்குமா? ஆதனூரிலிருந்து தில்லைக்கு நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் வாங்கினவர். சேக்கிழார் கதைப்படி ஊர் எல்லையில் நின்றுவிட்டவர். கடைசியில் எப்படி உள்ளே போனார்? நெருப்பில் இறங்கி, பழைய உடம்பை விட்டு, பூணூலோடு ஒரு முனிவராக வெளியே வந்து, அதற்கப்புறம்தான் போனார். புலையனாகிய நந்தன் உள்ளே போகவே இல்லை. வேறொரு உருவம்தான் போயிற்று. பக்தர்கள் இதை அருள் என்கிறார்கள். நமக்கு இது வீடு தேடுகிறவனின் கதையாகத்தான் படுகிறது. நீ நீயாக வரக் கூடாது, வேறு ஆளாக வந்தால் வரலாம்.

நானும் வேறு ஆளாகப் போனேன். எட்டாவது வீட்டில் தெருப் பெயரை மாற்றிச் சொன்னேன். எங்கள் ஊரில் நாங்கள் நடந்து போகவே யோசிக்கிற ஒரு தெருவின் பெயரை என் தெரு என்று சொன்னேன். என் அப்பா கூலிக்குப் போகிற நிலத்தின் அளவை எங்கள் நிலம் என்று சொன்னேன். அறை கிடைத்தது. மாதம் 1,800 ரூபாய் வாடகை. மூன்று பேருக்குப் பங்கு 600. முன்பணம் 10,000. அம்மா காதில் கிடந்ததை அடகு வைத்துத்தான் என் பங்கைக் கொடுத்தேன்.

பொய்யோடு குடியிருப்பது எப்படி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கூடப் படித்த நம்ம பையன்களை அறைக்கு வராதே என்பேன். புத்தக அலமாரியில் சில புத்தகங்களுக்குச் செய்தித்தாள் அட்டை போட்டேன். வீட்டுக்காரம்மா ‘உங்க பக்கத்துல இந்த விசேஷத்துக்கு என்ன பண்ணுவாங்க’ என்று சாதாரணமாகக் கேட்டாலும் வயிறு கலங்கும். நான் கவிதை எழுதத் தொடங்கியது அந்த அறையில்தான். அவற்றில் ஒரு வரிகூட உண்மை இல்லை. நிலா, மழை, பெயர் தெரியாத ஒரு பெண். அவ்வளவுதான்.

கார்த்திகை மாதம் ஒரு நாள் அம்மா வந்தாள். சொல்லாமல் வந்துவிட்டாள். தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பு. நான் மாடியில் இருந்தேன். கீழே பேச்சுக் குரல் கேட்டது. வீட்டுக்காரம்மா கேட்கிறார்: “யாரும்மா நீ, யாரப் பாக்கணும்?” அம்மா என் பேரைச் சொன்னாள். “நீ அவருக்கு என்ன வேணும்?” கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அம்மா அந்த வீட்டையும் வாசலையும் தன் புடவையையும் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் சொன்னாள்: “தம்பி வூட்ல வேலை செய்யறவங்க. அவங்க அம்மா இதக் குடுத்தனுப்பிச்சாங்க.”

நான் அவளிடம் எதையும் சொல்லி வைத்திருக்கவில்லை. அவளாகவே புரிந்துகொண்டாள். வாளியைப் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனாள். நான் மாடிப்படியின் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தேன். இறங்கிப் போகவில்லை. பத்துப் படிதான். அந்த அறையில் அதற்கப்புறமும் எட்டு மாதம் இருந்தேன். அம்மா இப்போது இல்லை. இதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

* * *

அண்ணலுடைய வாழ்க்கையில் ஒரு வீடு தேடல் உண்டு. பலர் படித்திருப்பீர்கள். இளைய தோழர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் அமெரிக்கா போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு லண்டன். உதவித்தொகைக்கு ஈடாகப் பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும். 1917-ல் வந்து இறங்கினால் தங்க இடமில்லை. இந்து விடுதியில் சேர்க்க மாட்டார்கள். பார்சிகளின் விடுதி ஒன்றுக்குப் போனார். பார்சி இல்லாதவர் தங்கக் கூடாது. விடுதியைப் பார்த்துக்கொண்டவருக்கோ வருமானம் வேண்டும். ஒரு பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். நாளைக்கு ஒன்றரை ரூபாய். பழைய மரச் சாமான்கள் குவிந்து கிடந்த மாடியில், ஒரு லாந்தர் விளக்கோடு, கொலம்பியாவில் படித்த மனிதர் இன்னொருவன் பெயரில் குடியிருந்தார். பதினோராம் நாள் காலை ஒரு டஜன் பார்சிகள் தடிகளோடு படியேறி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் காலி பண்ணு என்றார்கள்.

இரண்டு நண்பர்களிடம் போனார். ஒருவர் இந்து. நீ என் வீட்டில் தங்கினால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் கிறித்தவர். அவர் சொன்ன பதிலைக் கவனியுங்கள்: என் மனைவி நாளைக்குத்தான் ஊரிலிருந்து வருகிறாள், அவளைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

1917-ல் பரோடாவில் சொன்னதும் 2008-ல் சிதம்பரத்தில் எனக்குச் சொன்னதும் ஒரே வாக்கியம். இரவு ஒன்பது மணிக்கு பம்பாய் ரயில். அதுவரை ஐந்து மணி நேரம் பரோடாவின் பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இதைப் பல வருடம் கழித்து அவரே எழுதினார். தடியோடு வந்தவர்களைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் அது ஒரு கொடுமையின் கதையாக நின்றிருக்கும். தான் பெயர் மாற்றிக்கொண்டதையும் மறைக்காமல் எழுதினார். எனக்கு அந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. பிற்காலத்தில் தாதரில் ராஜகிருகம் என்று வீடு கட்டியபோது அதில் மனிதர்களைவிடப் புத்தகங்களுக்குத்தான் இடம் அதிகம் வைத்தார் என்பார்கள். செய்தித்தாள் அட்டை போடாத புத்தகங்கள்.

சிதம்பரத்திலும் ஒருவர் இருந்தார். சுவாமி சகஜானந்தர். 1916-ல் நந்தன் பெயரிலேயே பள்ளி தொடங்கினார். தூரத்துச் சேரிகளிலிருந்து வருகிற பிள்ளைகள் எங்கே தங்குவார்கள் என்ற கேள்விக்கு விடுதிதான் பதில் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஊர்க்காரன் வீட்டுத் திண்ணையில் நின்று ‘நாளைக்கு வாங்க’ என்று கேட்டுத் திரும்ப வேண்டாம் என்று பிள்ளைகளுக்குக் கூரை போட்டுக் கொடுத்தார். சென்னைக்குப் படிக்கப் போன நம்மவர்களில் எத்தனை பேருக்குச் சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதி தாய்வீடு! விடுதி என்றால் இலவசச் சோறு என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஊர் வீடு கொடுத்திருந்தால் விடுதிக்கு அவசியமே வந்திருக்காது. அரசு விடுதிகளுக்கெல்லாம் 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். நல்லது. சுவரும் கழிப்பறையும் பெயருக்கு ஏற்ற மாதிரி மாற வேண்டும்.

விடுதியும் நிரந்தரம் இல்லை. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்து தலித் மாணவர்களை விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். 2016 ஜனவரியில் அவர்கள் வளாகத்திலேயே கூடாரம் போட்டு அதற்கு ‘வெலிவாடா’ என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி என்று அர்த்தம். ஜனவரி 17-ல் அவர்களில் ஒருவரான ரோகித் வெமுலாவை நாம் இழந்தோம். படிக்க வந்தவனுக்கு அறை என்பது வசதி சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை என்று இதற்குமேல் விளக்க வேண்டுமா?

* * *

இப்போது காலம் மாறிவிட்டது, யார் சாதி கேட்கிறார்கள் என்பார்கள். மாறியிருப்பது உண்மைதான். முன்னே வாயால் கேட்டார்கள். இப்போது ஆதார் நகல் கேட்கிறார்கள்.

வங்கியில் தினமும் ஆதார் அட்டைகளைப் பார்க்கிற வேலை எனக்கு. முகவரியில் ‘காலனி’ என்றோ ‘ஆதிதிராவிடர் தெரு’ என்றோ இருக்கும். என்னிடம் கொடுக்கும்போது ஒன்றும் இல்லை. அதே நகலை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறபோது தெரு, நிலம், குலதெய்வம் என்று ஐந்து கேள்வி கேட்டு அறிய வேண்டியதை ஒரே வரி சொல்லிவிடுகிறது. நான் சொன்ன பொய்யைக்கூட என் அக்கா மகள் சொல்ல முடியாது. அவளுடைய அட்டை அவளுக்கு முன்னால் பேசிவிடும். 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறவனுக்குத் தெரு பெயர் ஒரு சாக்கு. சொல்லை எடுத்துவிட்டால் திசையைக் கேட்பான். கிழக்கா, மேற்கா, வயலோரமா?

இது நம்மூர் வழக்கம் மட்டும் இல்லை. பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் அவரது குழுவினரும் டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் ஒரு சோதனை செய்து 2015-ல் வெளியிட்டார்கள். பெயரை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் ஒரே மாதிரி சொல்லி, வாடகைக்கு வீடு கேட்டார்கள். மேல்சாதிப் பெயர் சொன்னவர்களுக்கு அநேகமாக எல்லாக் கதவும் திறந்தது. தலித் பெயர் சொன்னவர்களில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்கு நேரடியாக மறுப்பு. மேலும் 23 பேருக்கு நிபந்தனை. முஸ்லிம் பெயர் சொன்னவர்களில் 31 பேருக்கு மறுப்பு. தலைநகரத்தில், செல்போன் காலத்தில்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டம் 17-ஆவது பிரிவில் தீண்டாமையை எந்த வடிவத்திலும் ஒழித்துவிட்டது. 1955-ஆம் வருடத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பு வீடு கட்டுவதையோ வாங்குவதையோ அதில் குடியிருப்பதையோ தீண்டாமை காரணமாகத் தடுப்பது குற்றம் என்கிறது. அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அந்தச் செயல் பட்டியல் சாதியாருக்கு எதிராக நடந்திருந்தால் தீண்டாமை காரணமாகத்தான் நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிராளி. இவ்வளவு பலமான வரி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் வாடகைக்கு வீடு மறுத்ததற்காக நம்ம கடலூர் மாவட்டத்தில் ஒருவர் தண்டனை பெற்றார் என்று நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

வாடகைக்கென்றே தனிச் சட்டம் உண்டு. 1960-ஆம் வருடத்துச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-ல் நில உரிமையாளர் வாடகைதாரர் சட்டம் என்று புதிதாகக் கொண்டுவந்து 2019 பிப்ரவரி 22-லிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வாடகையை எப்படி உயர்த்துவது, எப்போது காலி பண்ணச் சொல்லலாம் என்று எல்லாம் இருக்கிறது. சாதியைக் காரணம் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்று ஒரு வரி இல்லை. அதாவது வீட்டுக்குள் வந்துவிட்டவனுக்குச் சட்டம் இருக்கிறது. வாசலில் நிற்கிறவனுக்கு இல்லை.

அடுத்தடுத்த வீட்டில் குடியிருப்பதுதான் சாதிக்கு ஆகாத காரியம் என்று அரசுக்கும் தெரியும். தெரிந்துதான் 1990களின் கடைசியில் சமத்துவபுரம் கட்டினார்கள். நூறு வீட்டில் நாற்பது நமக்கு, மீதி மற்றவர்களுக்கு. ஊருக்கு வெளியே புதிதாக ஒரு ஊர் கட்டித்தான் அதைச் செய்ய முடிந்தது. இருக்கிற ஊருக்குள் ஒரு மாடி அறையில் அதைச் செய்ய இன்னும் கை வைக்கவில்லை.

அமெரிக்காவில் கறுப்பர்களுக்கு இதே கதைதான். மார்ட்டின் லூதர் கிங் 1966-ல் சிகாகோவின் ஏழைப் பகுதியில் வாடகைக்கு வீடு எடுத்து, மனைவி மக்களோடு போய்க் குடியிருந்து போராட்டம் நடத்தினார். இரண்டு வருடம் கழித்து ஏப்ரல் 4-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11-ல், நிறத்தைக் காட்டி வீடு மறுப்பது சட்டவிரோதம் என்ற சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். அதிலும் ஒரு ஓட்டை. வீட்டுக்காரரும் அதே கட்டடத்தில் குடியிருந்து, நாலு குடித்தனத்துக்கு மேல் இல்லை என்றால் விதிவிலக்கு. ‘நாங்களும் இதே வீட்லதான் இருக்கோம், அதான் யோசிக்கறோம்’ என்று நம்மூரில் சொல்வதை அங்கே சட்டத்திலேயே எழுதினார்கள். ஓட்டையோடு இருந்தாலும் அது சட்டம். மறுக்கப்பட்டவன் போய் நிற்பதற்கு ஒரு இடம். நமக்கு அதுவாவது வேண்டும்.

* * *

வெளியே இருப்பவர்களை மட்டும் பேசிவிட்டு முடித்தால் இந்தப் பக்கத்துக்கு நேர்மை இருக்காது. நம்மவர்களில் வீடு கட்டினவர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். ஆசிரியர்கள், மின்வாரியத்தில் இருப்பவர்கள், என்னைப் போல வங்கியில் இருப்பவர்கள். கடன் வாங்கிக் கீழே நமக்கு, மேலே வாடகைக்கு என்று கட்டுகிறோம். கடலூரில் அப்படிக் கட்டின ஒருவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். நம் கூட்டங்களுக்கு வருகிறவர். துப்புரவு வேலை செய்கிற ஒரு அருந்ததியர் குடும்பத்தை நான்தான் அவரிடம் அனுப்பினேன். ‘நாளைக்கு வரச் சொல்லுங்க தோழர், வீட்ல கேட்டுடறேன்’ என்றார்.

அவர் வீட்டுச் சுவரிலும் அண்ணல் படம் மாட்டியிருக்கிறது. அந்த ‘நாளைக்கு’ எனக்குச் சிதம்பரத்தில் கேட்டதைவிட அதிகமாக வலித்தது. இருளர் வீடு கேட்டு வந்தால் நாம் என்ன சொல்வோம்? முஸ்லிம் பையன் கேட்டு வந்தால்? கேள்வியை அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டு சாவியை மட்டும் நாம் வாங்கிக்கொள்வதற்காகவா இத்தனை பாடு?

அக்கா மகளுக்குப் பதினோராம் நாள் போன் செய்தேன். சிதம்பரத்து அறையில் நடந்ததை முதலில் சொன்னேன். அவளுடைய ஆயாதான் அந்தத் தூக்குவாளியோடு வந்தவள். அவள் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னேன்: கேட்டால் உண்மையைச் சொல். நாம் சொல்கிற பொய் நம்மைக் காப்பாற்றவில்லை. கேட்டவரைத்தான் காப்பாற்றியது. சாதி பார்த்து வீடு மறுத்தேன் என்ற பழியிலிருந்து அந்த வீட்டுக்காரரைக் காப்பாற்றி, பெற்றவளைப் பெற்றவள் இல்லை என்று ஆக்கிய பழியை நான் சுமக்கிறேன். உனக்கு அது வேண்டாம்.

“சொல்லிட்டேன் மாமா,” என்றாள். “நீங்க பேசறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். நாலு வீட்ல. நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க.”

உண்மையைச் சொல் என்று தலையங்கம் எழுதுவது சுலபம். சொல்லிவிட்டு வாசலில் நிற்கிறவளுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? இந்தக் கேள்விக்குப் பதிலாக மூன்று காரியம் செய்யலாம் என்று ஆசிரியர் குழு முடிவு செய்திருக்கிறது.

ஒன்று. 2017 வாடகைச் சட்டத்தில், சாதியையோ மதத்தையோ காரணம் காட்டி வீடு மறுப்பதையும், மறைமுகமாகச் சாதி விசாரிப்பதையும் குற்றமாக்கித் திருத்தம் வேண்டும். நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கொடுக்க மனு தயாராகிறது. வழக்கறிஞர் தோழர்கள் வரைவைப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.

இரண்டு. ஒரு நோட்டுப் போடுகிறோம். வீடு மறுக்கப்பட்டவர்கள் எந்த ஊர், என்ன தேதி, என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதி அனுப்புங்கள். யார் பெயரையும் அச்சில் போட மாட்டோம். நம்ம மாவட்டத்துக்காரர் எல்.இளையபெருமாள் தலைமையில் 1965-ல் அமைத்த குழு நாடு முழுக்கச் சுற்றி, தீண்டாமை எப்படி நடக்கிறது என்று விசாரித்து எழுதி 1969-ல் அறிக்கை கொடுத்தது. எழுதி வைத்ததால்தான் ‘அப்படியெல்லாம் எங்கேயும் இல்லை’ என்று சொன்னவர்கள் வாயை அடைக்க முடிந்தது. வாடகை வீட்டுக்கு அப்படி ஒரு கணக்கு நம்மிடம் இல்லை.

மூன்று. நம் வாசகர்களில் வீடு வைத்திருப்பவர்கள், மாடியில் அறை வைத்திருப்பவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். கடலூர், சிதம்பரம், சென்னை எதுவானாலும் சரி. படிக்க வருகிற பிள்ளைகளுக்கு, எந்தச் சாதி எந்த மதம் என்று கேட்காமல் கொடுப்பீர்கள் என்றால் மட்டும். வாடகை நியாயமாக வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் தருமம் கேட்கவில்லை. அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கம் இதற்கு ஒதுக்குகிறோம். கவிதைக்கு வைத்திருந்த பக்கம்தான். என் கவிதைகள் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.

புதிய வீடு திருப்பாதிரிப்புலியூரில் ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறது. கூடத்தில் பழைய இதழ்களை அடுக்கியது போக இரண்டு பேர் படுக்கலாம். தேர்வு எழுத, சேர்க்கைக்கு, நேர்காணலுக்கு என்று கடலூர் வருகிற பிள்ளைகள் வந்து தங்கலாம். வீட்டுக்காரரிடம் குடிவரும்போதே நான் யார், என்ன பத்திரிகை நடத்துகிறேன் என்று சொல்லி, ஒரு பிரதியையும் கையில் கொடுத்துத்தான் பேசினேன். புரட்டிப் பார்த்தார். ‘வாடகை அஞ்சாந்தேதிக்குள்ள வந்துடணும்’ என்றார். அவ்வளவுதான்.

முகவரி கடைசிப் பக்கத்தில். இன்றைக்கே வாருங்கள்.